நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டவை: குப்பை, சருகு, வெடிச்சத்தம், வெளிச்சம்

வடபழனிவாசி:

சுற்றுச்சூழலுக்கு நாம் என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் மரம் நடுங்கள் என்கிறார்கள். நடலாம், நல்லதுதான். ஆனால் தினமும் காலையில் நம் வாசலில் நடக்கிற ஒரு காரியத்தை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதைக் கவனிக்க வைத்தவர் எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டி ஓட்டி வரும் தூய்மைப் பணியாளர் அக்கா. ஒரு நாள் அவர் கையில் துணி சுற்றியிருந்தது. என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். "உடைஞ்ச டியூப் லைட்ட சோத்துப் பையிலயே போட்டுக் கட்டிட்டாங்கம்மா, பிரிக்கும்போது கிழிச்சிருச்சு" என்றார். கிளவுஸ் தரவில்லையா என்றேன். தருகிறார்களாம். ஆனால் கிளவுஸ் போட்ட விரலால் கேரி பேக் முடிச்சை அவிழ்க்க வராது, ஒரு தெருவுக்கு எத்தனை முடிச்சு, அதனால் கழற்றிவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்.

அந்த முடிச்சைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று சுவரெங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைப் பிரிக்கிற கை யாருடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் சமையலறையில் பிரிக்கவில்லை என்றால் வேறொருவர் வெறும் கையால் நடுரோட்டில் பிரிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். காய்கறித் தோல், மீந்த சாப்பாடு எல்லாவற்றையும் பையில் கட்டாமல் வாளியில் போட்டு அப்படியே வண்டியில் கவிழ்த்துவிடலாம், வாளியைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் போதும். நாப்கின், டயப்பரைப் பேப்பரில் இறுகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுக்கலாம், பார்த்ததுமே தெரியும், திறந்து பார்க்க மாட்டார்கள். அட்டைப்பெட்டி நனையக்கூடாது. சாம்பார் பட்ட அட்டையைப் பழைய பேப்பர் கடையில் வாங்க மாட்டார்கள், அது நேராகக் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அப்புறம் பால் பாக்கெட். மூலையை முழுசாக வெட்டி எடுத்துவிடுகிறோம் இல்லையா, அந்தச் சின்ன முக்கோணத் துண்டு யார் கைக்கும் சிக்காது, துடைப்பத்துக்கும் சிக்காது, மழைநீர் வடிகாலுக்குள் போய்ச் சேரும். பாதி வெட்டி, துண்டு பாக்கெட்டோடு தொங்குகிற மாதிரி விட்டால் போதும். கழுவிக் காயவைத்த பால் கவரைக் காயலான் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததை நினைத்துப் பாருங்கள். ஈரக்குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்து காற்றுப் புகாமல் மக்கும்போது மீத்தேன் உண்டாகிறது, கோடையில் ஒரு பொறி போதும். அந்த மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022இல்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் வீட்டு வாழைப்பழத் தோல் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் போனால் உரமாகும், கலந்து போனால் அங்கே எரியும்.

உங்களுக்கு இப்படி யாராவது எதையாவது புரிய வைத்திருந்தால் எழுதுங்கள். புத்தகத்தில் படித்தது வேண்டாம், நேரில் பார்த்தது மட்டும்.

மாடித்தோட்டக்காரி, திருச்சி:

எங்கள் தெருவில் வேப்பமரங்கள் நிறைய. மாசி, பங்குனியில் இலை கொட்டித் தீர்க்கும். எதிர்வீட்டு ஆச்சி விடிகாலையில் எழுந்து தெருவையே பெருக்கி, குவித்து, தீ வைப்பார். எண்பதை நெருங்குகிற வயசு, அந்தச் சுத்தம் அவருக்கு ஒரு கௌரவம். புகையோ எங்கள் வீட்டுக்குள்தான் வரும், என் பையனுக்கு வீசிங் வேறு. சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் கூடை எடுத்துக்கொண்டு போய், "ஆச்சி, இந்தச் சருகு எனக்கு வேணும், எரிக்காம குடுங்களேன்" என்று கேட்டேன். குப்பையை ஒருத்தி கேட்டு வாங்குகிறாளே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். எதுக்குடி என்று கேட்டு என்னோடு மாடி ஏறி வந்தார்.

எனக்கு அப்போது உரத்தொட்டியில் ஒரே நாற்றம், கொசு மாதிரிச் சின்னப் பூச்சி. ஆச்சி கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இது சொதசொதன்னு இருக்கு, எருக்குழில ஒரு அடுக்கு சாணின்னா ரெண்டு அடுக்கு சருகு போடணும்" என்றார். ஊரில் அவர் அப்பா அப்படித்தான் போடுவாராம். சொன்ன மாதிரியே செய்தேன், அந்த வாரத்திலேயே நாற்றம் போய்விட்டது. காரணம் பிறகு புரிந்தது: சமையலறைக் கழிவில் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம், சருகில் கார்பன் அதிகம், அது ஈரத்தை இழுத்துக்கொண்டு இடையில் காற்றுக்கும் வழி விடுகிறது. மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும், அது கிடைக்காதபோதுதான் நாறுகிறது. தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை இருக்கட்டும். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும். பழுப்பு நிறத்தில் தடித்த புழு நெளிந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள், அது வீட்டு ஈயின் புழு இல்லை, கடிக்காது, நோய் பரப்பாது, கழிவைத் தின்று தீர்க்கிற வேலையைத்தான் செய்கிறது.

ஆச்சி இப்போது எரிப்பதில்லை. சாக்கில் கட்டி என் வாசலில் வைத்துவிடுகிறார், முதல் அறுவடை வெண்டைக்காய் அவருக்குத்தான்.

காரைக்குடிக்காரன்:

வடபழனி அக்கா, நேரில் பார்த்தது என்று கேட்டீர்கள். எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி. 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் பறவைகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் கண்மாய்களுக்கு வருகின்றன. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பல பத்தாண்டுகளாகவே கிடையாது. கல்யாணமானாலும் கோயில் திருவிழாவானாலும் அப்படித்தான், மேளச் சத்தம்கூட அளவோடுதான்.

கேள்விப்பட்டதுதான், ஆனாலும் ஒரு தீபாவளி சமயத்தில் போய்ப் பார்த்தேன். சுற்றுப்பட்டு ஊர்களில் டமால் டுமீல் என்று தூரத்தில் கேட்கிறது, இங்கே கண்மாய்க் கரை மரமெல்லாம் நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் அடைந்து கிடக்கின்றன. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, சின்னப் பிள்ளைங்க கேக்க மாட்டாங்களா, வெடி வேணும்னு அழ மாட்டாங்களா?" என்றேன். அவர் சொன்னார்: "வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பொண்ணு படுத்திருக்கும்போது வாசல்ல வெடி போடுவியாப்பா? இதுக இங்க குஞ்சு பொரிக்கத்தானே வருதுக." அவர் அதை ஒரு கொள்கை மாதிரியெல்லாம் சொல்லவில்லை, மழை வந்தால் குடை பிடிப்போம் என்கிற தொனியில் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். தீபாவளிக்கு வனத்துறை அந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. பிள்ளைகள் அதை எதிர்பார்த்து நிற்பதைப் பார்த்தேன்.

பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது விவசாயிக்குத் தெரியும். வேடந்தாங்கலிலும் இதே கதைதான், திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் யாரும் விரட்டுவதில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொன்று, இது மட்டும் நேரில் பார்த்ததில்லை, செய்தியில் படித்தது. 2020இல் பொத்தகுடி என்கிற கிராமத்தில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைப் போடப் போனால் கூடு கலையும். ஊரே கூடிப் பேசி, குஞ்சு பறக்கிற வரைக்கும் தெருவிளக்கு வேண்டாம் என்று ஒரு மாதத்துக்கு மேல் இருட்டிலேயே நடந்தார்கள். பாம்பு, பூச்சி உள்ள ஊர், பெண்களும் வயசானவர்களும் இரவில் நடமாட வேண்டிய ஊர். சும்மா இல்லை அது.

அதைப் படித்த பிறகு எங்கள் குடியிருப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு முடிவு செய்தோம்: தீபாவளிக்கு வெடி இல்லை, மத்தாப்பு மட்டும், அதுவும் மரங்கள் இல்லாத மைதானத்தில். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டவர்கள் எண்ணிக்கை கூடி வருகிறது.

கடலோர நடையாள்:

வெளிச்சத்தை அணைப்பது பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் கடல் ஆமைகளுக்காக மாணவர்கள் நடத்தும் அமைப்பு ஒன்று 1988 முதல் இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள், அப்படித்தான் நானும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தேன். செருப்பில்லாமல் ஈரமணலில், டார்ச் அடிக்கக்கூடாது, பேச்சும் மெல்ல.

குஞ்சு ஆமை மணலை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையாக இரவில் கடல் பக்கம்தான் வெளிச்சம். இப்போது கரையில் பங்களா விளக்கு, ரெஸ்டாரண்ட் விளக்கு, தெரு விளக்கு, அதனால் அவை ரோட்டை நோக்கி ஊர்ந்து போய், நாய்க்கும் காக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் பலியாகின்றன. வழியில் ஒரு பெரிய வீட்டின் கடலோரச் சுவர் முழுக்க இருட்டு. எங்களோடு வந்த மாணவி சொன்னாள், அந்த வீட்டு வாட்ச்மேன் அண்ணன் சீசன் தொடங்கியதும் முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கி, ராத்திரியில் விளக்கை அணைத்துவிடுவாராம். கேட்டருகே நின்றிருந்தவரிடம் நன்றி சொன்னேன். "எங்க ஊர் நாகப்பட்டினம்மா, அப்பா கடலுக்குப் போறவரு. வலையில ஆமை மாட்டினா வலை கிழிஞ்சாலும் பரவாயில்லன்னு அறுத்து விட்டுருவாரு" என்றார். வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் புரியும்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜனவரியிலிருந்து குஞ்சுகள் எல்லாம் போய் முடியும் வரை மொட்டைமாடி விளக்கையும் பால்கனி விளக்கையும் தயவுசெய்து அணையுங்கள். முடியாது என்றால் கடல் பக்கம் திரை போடுங்கள். காசு செலவில்லை, மின்சாரம்தான் மிச்சம்.

குன்னூர் ஓட்டுநர்:

நான் மலையில் டாக்ஸி ஓட்டுகிறவன். பலாப்பழ சீசனில் பர்லியாறு பக்கம் யானைகள் வரும். அந்த ரோட்டோரத்தில் சாக்குப்பையோடு ஒரு பெரியவர் பாட்டில் பொறுக்குவார். எங்கள் நீலகிரியில் 2022இலிருந்து உயர் நீதிமன்றம் சொன்னபடி மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தருகிறார்கள். குடித்துவிட்டு எறிகிற உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்பதுதான் அதற்குக் காரணம். யானை உள்ளங்கால் பஞ்சு மாதிரி, புண் வந்தால் சீழ் பிடித்து நடக்க முடியாமல் செத்தே போகும்.

பெரியவரிடம், முழுப் பாட்டிலுக்குத்தானே காசு, உடைந்ததையும் ஏன் பொறுக்குகிறீர்கள் என்று கேட்டேன். "அது காசுக்கு, இது அதுக்கு" என்று யானைத் தடத்தைக் கை காட்டினார். அன்றிலிருந்து என் வண்டியில் பெரிய தண்ணீர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கும், மேட்டுப்பாளையத்திலேயே சவாரிக்காரர்களிடம் சொல்லிவிடுவேன், மலையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, என்னிடம் தண்ணீர் இருக்கிறது என்று. சிலர் முகம் சுளிப்பார்கள். குழந்தைகள் டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள்.

தூக்குவாளி:

என்னுடையது சின்னது. 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஆனாலும் ஹோட்டல் சாம்பார் இன்னும் சூடாகக் கவரில்தான் வருகிறது. நான் தூக்குவாளியில் வாங்குவேன். எங்கள் தெருமுனை மெஸ்ஸில் பார்சல் கட்டுகிற தம்பி, பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். கவர் காசு மிச்சம்ண்ணா, அதான் என்பார். கறிக்கடைக்கும் டப்பாவோடு போகலாம், சில கடைகளில் இப்போது தேக்கு இலையில் கட்டித் தருகிறார்கள். திருச்சி சகோதரிக்கு ஒரு கேள்வி: நாங்கள் இருப்பது அபார்ட்மென்ட், சுற்றி மரமே இல்லை, சருகுக்கு எங்கே போவது?

மாடித்தோட்டக்காரி, திருச்சி:

சருகு இல்லையென்றால் தேங்காய் நார்த்தூள் போடலாம், நர்சரியில் கட்டியாகக் கிடைக்கும், ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பு இல்லாத அட்டைப்பெட்டியைச் சின்னதாகக் கிழித்துப் போட்டாலும் சரிதான், டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள். மரத்தூளும் நல்லது, ஆனால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். நாட்டு மரம் அறுக்கிற பட்டறையில் கேட்டால் சாக்கோடு சும்மாவே கொடுப்பார்கள்.