1948 – 1978: இலங்கை ரூபாயை இந்திய ரூபாயாக மாற்ற எந்த விகிதம்?

பேரேடு கேட்டது:
மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பணம் குறித்த ஆய்வுக்காக, பழைய தொகைகளை இந்திய ரூபாயில் போட வேண்டும். இரண்டு ரூபாய்க்கும் நேரடி அட்டவணை கிடைக்கவில்லை. உலக வங்கித் தரவு இரண்டையும் டாலரில்தான் தருகிறது, அதுவும் 1960இலிருந்து. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஓர் இலங்கை ரூபாய்க்கு 1966இல் 1.33 சொச்சம், 1970இல் 1.26 இந்திய ரூபாய் வருகிறது. இலங்கைப் பணம் அவ்வளவு உசத்தியாகவா இருந்தது? இல்லை, வகுத்ததே தப்பா?

செலாவணி எழுதியது:
வகுத்தது சரி. ஆனால் 1.33 எந்த நாளிலும் நடப்பில் இருந்த விகிதம் அல்ல.

1966 ஜூன் 6 வரை கணக்கே வேண்டாம், ஒன்றுக்கு ஒன்று. 1950இல் இலங்கை மத்திய வங்கி வருவதற்கு முன் அங்கே நாணயச் சபை இந்திய ரூபாயோடு சமமாகக் கட்டி வைத்திருந்தது. பிறகும் இரண்டு ரூபாயின் தங்க மதிப்பும் 0.186621 கிராம்தான், டாலருக்கு 4.76.

ஜூன் 6 அன்று இந்தியா 7.50க்கு மதிப்பிறக்கியது. இலங்கை அசையவில்லை. 7.50 ÷ 4.762 = 1.575. மே மாதம் அனுப்பிய 100 ரூபாய் இங்கே 100, ஜூலையில் அனுப்பியது 157.50. ஆண்டு சராசரி இந்த இரண்டையும் நாள் கணக்கில் கலந்துவிடுகிறது: 156 நாள் 4.76, 209 நாள் 7.50, ஆக சுமார் 6.33. அதை 4.762ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் 1.33. 1966க்குச் சராசரியைத் தொடவே கூடாது.

1967 நவம்பரில் பவுண்டு இறங்கியபோது இலங்கையும் 20 சதவீதம் இறக்கி 5.95க்கு வந்தது. இந்தியா அப்போது அப்படியே நின்றது. உங்கள் 1.26 அங்கிருந்து வருவது.

கண்டிச்சீமை எழுதியது:
1970இன் 1.26ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1968 மே மாதம் இலங்கை இரட்டை விகிதம் கொண்டுவந்தது. செலாவணி உரிமைச் சான்றிதழ், ஆங்கிலச் சுருக்கத்தில் ஃபீக். தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதியும் அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதியும் 5.95இல். பெரும்பாலான மற்றவற்றுக்கு அதன்மேல் 44 சதவீதம் கூடுதல், பின்னால் 55, 65 என்று ஏறியது. 44 சதவீதத்தில் டாலர் 8.57 ஆகிறது, அதாவது ஓர் இலங்கை ரூபாய்க்கு 87 பைசா. அதிகாரபூர்வக் கணக்கில் இந்திய ரூபாயைவிட உசத்தி, ஃபீக் கணக்கில் மட்டம். உலக வங்கித் தரவில் இது தெரியாது.

உங்களிடம் இருப்பது வங்கிச் சீட்டு என்றால், அங்கே கட்டிய தொகையையும் இங்கே கொடுத்த தொகையையும் வகுத்துப் பாருங்கள். 1.26 பக்கம் வந்தால் அதிகாரபூர்வ விகிதம், 0.7 – 0.9 பக்கம் வந்தால் ஃபீக். உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் வழியாகப் போன பணம் என்றால் எந்த அட்டவணையும் உதவாது.

செலாவணி:
ஆமாம், அது முக்கியம். 1971 டிசம்பருக்குப் பிறகு இன்னொரு தொல்லை. இந்திய ரூபாய் பவுண்டுக்கு 18.9677 என்று கட்டப்பட்டு, பவுண்டு நிலையான விகிதத்தை விட்டுச் சந்தையில் மிதந்ததும் அதோடு சேர்ந்து டாலருக்கு எதிராக ஆடியது. 1975 செப்டம்பரில் பவுண்டை விட்டு நாணயக் கூடைக்கு, அதாவது பல நாட்டு நாணயங்களின் கூட்டு மதிப்புக்கு மாறியது. அதனால் 1972 முதல் மாதவாரிப் புள்ளிதான் எடுக்க வேண்டும். ஆர்.பி.ஐ. கைநூலின் ஆண்டு ஏப்ரல் – மார்ச், இலங்கை மத்திய வங்கி அறிக்கையின் ஆண்டு ஜனவரி – டிசம்பர். இரண்டையும் நேராக வகுத்தால் மூன்று மாதம் நழுவும்.

1977ஐ 1966 மாதிரியே உடையுங்கள். நவம்பரில் இரட்டை விகிதத்தை ஒழித்து டாலரை 16 ரூபாயில் வைத்தார்கள். இந்தியாவில் அப்போது சுமார் 8.60. அன்றிலிருந்து ஓர் இலங்கை ரூபாய்க்கு 54 பைசாதான். ஆண்டு சராசரியோ இரண்டும் ஏறக்குறைய சமம் என்று காட்டும்.

பேரேடு:
மிக்க நன்றி. 1966 பதிவுகள் பலவற்றில் ஆண்டு மட்டும்தான் இருக்கிறது, மாதம் இல்லை. என்ன செய்வது?

கண்டிச்சீமை:
சராசரியால் பெருக்காதீர்கள். 1ஆல் ஒன்று, 1.575ஆல் ஒன்று என்று இரண்டு தொகை போட்டு, தேதியற்றது என்று தனி நிரலில் குறித்து வையுங்கள். பேரேட்டில் முன்னும் பின்னும் உள்ள பதிவுகளுக்குத் தேதி இருந்தால் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.