பீர்மேடு பக்கத்துப் பெண்ணுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி தேவை

வணக்கம். நாங்கள் கேரளத்து வண்டிப்பெரியாறு. அக்கா மகள் பி.எஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறையில் ஏதாவது ஆய்வகத்தில் சேர்ந்து வேலை கற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். எங்களைக் கேட்டால் என்ன தெரியும்?

அவள் ஆசை மழை. தேயிலை எஸ்டேட்டுகளில் தினமும் மழை அளந்து நோட்டில் எழுதுவார்கள் அல்லவா, அந்தப் பழைய கணக்கைக் கணினியில் ஏற்றி, தென்மேற்குப் பருவமழை எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இதே பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி, சி.வி. ராமன் ஆய்வகத்தில் வேலை செய்து, பிறகு வானிலைத் துறைக்குக் கருவிகள் உருவாக்கியவர். (எம்.எஸ்சி இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. கேட்டாலே எரிச்சல் வருகிறது.)

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் 2 மாதக் கோடை ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அவளுடைய மேடம் சொன்னார். அதில் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன ஆராய்ச்சி செய்ய விருப்பம் என்று அவள் எழுதுவதை ஒருமுறை படித்துத் திருத்தித் தந்தால் போதும். கொச்சி குசாட்டில் (கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) வளிமண்டல அறிவியல் படிக்கும் தமிழ் அக்காக்கள் இருந்தால் இன்னும் நல்லது. மலையாளம் நன்றாகப் பேசுவாள், ஆனால் சந்தேகம் கேட்கும்போது தமிழ்தான் வருகிறது.

அப்புறம், அத்தானுக்குத் தங்குமிடம்தான் கவலை. பெண்களுக்கு விடுதி எப்படி இருந்தது, கைச்செலவு எவ்வளவு ஆனது என்று போனவர்கள் சொல்லுங்கள். மழை நோட்டு பத்திரமாக வைத்திருக்கும் பழைய கணக்கப்பிள்ளைகளைத் தெரிந்தாலும் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள்.