கடவுச்சொல் நுழைவை நிறுத்திய பின்னும் எஸ்எஸ்எச் அதைக் கேட்பது ஏன்?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூரில் உள்ள எங்கள் உரக்கடையின் கணக்குக் கணினியில் உபுண்டு சர்வர் நிறுவி, புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டிலிருந்து அதனுள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரையும் போட்டிருக்கிறேன். ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கொண்டு கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் ஈடி25519 வகைச் சாவி உருவாக்கி, பொதுச் சாவியைச் சர்வரில் சேர்த்தாயிற்று. அதைக் கொண்டு நுழையவும் முடிகிறது. ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்’ என்ற அமைப்புக் கோப்பின் இறுதியில் ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ’ (கடவுச்சொல் நுழைவு வேண்டாம்) என்று எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்த பிறகும், சாவியே இல்லாத மடிக்கணினியிலிருந்து முயன்றால் கடவுச்சொல் கேட்டு உள்ளே விட்டுவிடுகிறது. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

முத்தியால்பேட்டை_லினக்ஸ்:
ஐயா, ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலான நிரல்கள் கடைசியாகப் படித்ததை ஏற்கும். எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டியோ முதலில் படித்ததையே பிடித்துக்கொள்ளும். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே வேறு கோப்புகளைச் சேர்த்துப் படிக்கச் சொல்லும் ‘இன்க்ளூட்’ வரி இருப்பதால், ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி’ அடைவில் உள்ள கோப்புகள் நீங்கள் எழுதிய வரிக்கு முன்பே படிக்கப்பட்டுவிடுகின்றன. அங்கே ‘50-கிளவுட்-இனிட்.கான்ஃப்’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது கடவுச்சொல் நுழைவை அனுமதித்திருந்தால், அதில் ‘யெஸ்’ என்று எழுதப்பட்டிருக்கும். அதைத் திருத்தலாம், ஆனால் கிளவுட்-இனிட் (முதல் தொடக்கத்தில் கணினியைத் தானாக அமைக்கும் நிரல்) உருவாக்கிய கோப்பில் கை வைப்பதைவிட, உங்கள் ‘நோ’ வரியை எழுதி அதே அடைவில் ‘10-’ என்று தொடங்கும் பெயரில் தனிக் கோப்பு வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, பெயர் வரிசைப்படி அது முதலில் படிக்கப்படும். பிறகு ‘சூடோ எஸ்எஸ்எச்டி’ கட்டளையுடன் டெஸ்ட் என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்தை, முன்னால் ஒரு சிறுகோடு (-) இட்டு, சிறிய எழுத்தாகக் கொடுத்தால் பிழை சரிபார்க்கப்படும். பெரிய எழுத்தாகக் கொடுத்தால் உண்மையில் நடப்பில் வரும் அமைப்புகள் அனைத்தும் பட்டியலாக வரும். மறுதொடக்கம் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். புதிய சாளரத்தில் நுழைய முடிந்த பிறகு மூடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பேருந்தில் கடலூர் போக வேண்டியதுதான்.

தேவனாம்பட்டினம்:
எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் இணைப்பு எண்ணான போர்ட் 22-ஐ மாற்றினால், வெளியார் நுழைவு முயற்சிகளால் பதிவேட்டில் சேரும் இரைச்சல் குறையுமே தவிர, பாதுகாப்பு கூடிவிடாது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்வரும் ஊரில் இருப்பதால், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்கும்படி பயாஸிலும் (கணினியின் தொடக்க அமைப்பு நிரல்) அமைத்துவிடுங்கள். அணைந்து கிடக்கும் கணினியை எஸ்எஸ்எச் எழுப்பாது.

மஞ்சக்குப்பத்தான்:
அந்தக் கிளவுட்-இனிட் கோப்பில் ‘யெஸ்’ என்றுதான் இருந்தது. ‘10-’ கோப்பு வைத்த பிறகு பட்டியலில் ‘நோ’ என்று வருகிறது. சாவியில்லாத மடிக்கணினிக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. இருவருக்கும் நன்றி.