சொல் வேண்டும்: பிள்ளைக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரே ஓட்டு உள்ள பள்ளிக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1: வேளச்சேரியிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை கூடி மாற்றுக்கல்வி பற்றிப் பேசுகிறோம். அதற்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுத்து நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, 'டெமாக்ரடிக் ஸ்கூல்' வந்து வழிமறிக்கும் வரை. மூன்று நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன், சொல்லை நீங்கள் கொடுங்கள். இந்த வகையில் பலரும் கேள்விப்பட்டது சம்மர்ஹில். ஏ. எஸ். நீல் 1921-இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1927 முதல் சஃபோக் பகுதியில் நடக்கிறது. அங்கே வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த 'போகாமலிருக்கலாம்' என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ அதைவிடப் பெரிய விஷயம் அங்கே நடக்கும் கூட்டம். பள்ளி முழுவதும் கூடி உட்காருகிறது. இரவு எத்தனை மணிக்குப் படுப்பது, அடுத்தவன் பொருளை எடுத்தவனுக்கு என்ன தண்டம் என்பதெல்லாம் அங்கே கைதூக்கி முடிவாகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு ஓட்டு, முதல்வருக்கும் ஒரு ஓட்டு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1968-இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளி இன்னும் ஒருபடி மேலே. பாடத்திட்டம் கிடையாது, வகுப்புப் பிரிவு கிடையாது. இந்த ஆசிரியர் அடுத்த ஆண்டும் இருக்கலாமா என்பதைக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து ரகசிய ஓட்டில் முடிவு செய்கிறார்கள். (இதைப் படித்ததும் என் வீட்டுக்காரர், அவர் ஒரு கல்லூரி ஆசிரியர், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.)

என் பட்டியல்: மக்களாட்சிப் பள்ளி, மாணவராட்சிப் பள்ளி, தன்னாட்சிப் பள்ளி, விடுதலைப் பள்ளி. மூன்றாவதை நானே அடித்துவிட்டேன். நம் ஊரில் தன்னாட்சி என்றால் கல்லூரிப் பெயர்ப்பலகையில் இரண்டாவது வரி. நான்காவது சிறையை நினைவூட்டுகிறது. மனம் மாணவராட்சிப் பக்கம் சாய்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

மடல் 2: பெரம்பூரிலிருந்து

அம்மா, வணக்கம். மாணவராட்சி வேண்டாம்.

சாயங்காலம் என்னிடம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைப் பலகையில் எழுதிக்காட்டி, என்னவென்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை. "மிஸ் வெளிய போனா கிளாஸ் லீடர் போர்டுல பேர் எழுதுவான்ல சார், அதான்" என்றான். மற்றதுகளும் ஆமாம் போட்டன. ஒருத்தி, தன் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு நாலு மடங்காக்கிய லீடரைப் பற்றிப் பிராது சொல்ல ஆரம்பித்து, கணக்குப் பாடம் அன்றைக்கு நடக்கவில்லை.

நான் 32 வருஷம் வகுப்பில் நின்றவன். நம் பிள்ளைகள் கண்ட மாணவராட்சி அதுதான், ஆசிரியர் தன் அதிகாரத்தைச் சாக்பீஸோடு சேர்த்துப் பத்து நிமிஷம் கடன் கொடுப்பது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) தேர்தல் வெகு சிறப்பாக நடக்கும். ஓட்டுப்பெட்டி, விரலில் மை, எல்லாம் உண்டு. யார் ஜெயிப்பது என்பது மட்டும் முந்தின நாளே ஆசிரியர் அறையில் முடிவாகியிருக்கும்.

பேசாமல் ஜனநாயகப் பள்ளி என்று எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மடல் 3: மயிலாப்பூரிலிருந்து

இதற்கு இவ்வளவு அலைவானேன்? சென்னையிலிருந்து 90 கிலோமீட்டர் தள்ளி உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலைப் பள்ளி என்று வையுங்கள். சொல்லும் நம்முடையது, வரலாறும் நம்முடையது.

மடல் 4: வேளச்சேரியிலிருந்து

இருவருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> மாணவராட்சி வேண்டாம்

ஏற்றுக்கொண்டேன், ஐயா. உங்கள் பிள்ளைகள் சொன்னதோடு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. 'ஆட்சி' என்றாலே ஆள்பவர் ஒருவர், ஆளப்படுபவர் இன்னொருவர். மாணவராட்சி என்றால் நாற்காலியில் ஆளை மாற்றி உட்கார வைத்ததுபோல் ஆகிறது. சம்மர்ஹில்லில் அப்படி இல்லை. ஆசிரியரை வேலைக்கு எடுப்பது முதல்வர் கையில்தான். அன்றாட வாழ்க்கையின் விதிகள் கூட்டத்தின் கையில். இதை மாணவராட்சி என்று எழுதினால் பொய்யாகும்.

> குடவோலைப் பள்ளி என்று வையுங்கள்

ஐயா, ஆசையாகத்தான் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளை (919, 921) மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டாவதின்படி, போட்டியிடுகிறவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். இது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரின் சபை. ஊரிலுள்ள எல்லோருக்கும் அதில் இடமில்லை. அதோடு குடவோலை என்பது ஓட்டே அல்ல, சீட்டுக் குலுக்கல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒன்றை எடுப்பது.

அதை எடுப்பது யார் தெரியுமா? ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவன் என்பதால்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சபையில் பிள்ளைக்கு இருந்த ஒரே வேலை, தெரியாமல் குடத்துக்குள் கையை விடுவது. நாம் பெயர் தேடும் பள்ளியில் பிள்ளையின் கை தெரிந்து உயர்கிறது. உத்திரமேரூர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இந்தப் பள்ளிக்கு அந்தப் பெயர் பொருந்தாது, அவ்வளவுதான்.

> பேசாமல் ஜனநாயகப் பள்ளி என்று எழுதிவிடுங்கள்

பெரம்பூர் ஐயா, இதில்தான் தயங்குகிறேன். சம்மர்ஹில் என்பது ஒரு வீட்டின் பெயர். சட்பரி வேலியும் இடப்பெயர். 1987-இல் இஸ்ரேலின் ஹதேராவில் தொடங்கிய பள்ளிதான் ஜனநாயகத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. ஆகவே அது மூலச்சொல்லுக்கு நேர் என்பது உண்மை. ஆனால் தமிழில் ஜனநாயகம் என்றதும் காதில் விழுவது என்ன? ஒலிபெருக்கி, ஆட்டோ பிரச்சாரம், வாக்குச்சாவடி வரிசை. யாரோ ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு ஐந்து வருஷம் வீட்டில் இருப்பது. இந்தப் பள்ளிகளில் பிரதிநிதி என்று யாரும் இல்லை. தன் கை, தன் ஓட்டு. நீங்கள் சொன்ன எஸ்.பி.எல். தேர்தலையும் அந்தப் பள்ளி 'ஜனநாயக முறைப்படி' என்றுதானே ஆண்டுமலரில் போட்டிருக்கும்?

கூட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1999-இல் இங்கிலாந்தின் பள்ளி ஆய்வுத் துறை சம்மர்ஹில்லைச் சோதித்தது. அதன் தொடர்ச்சியாக, வகுப்பு கட்டாயமில்லை என்பதை மாற்றச்சொல்லி அரசு நெருக்கியது. வழக்கு 2000-இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. நடுவில் அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கியது. ஏற்பதா வேண்டாமா? பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே தங்கள் கூட்டத்தைக் கூட்டி, விவாதித்து, ஓட்டெடுத்து ஏற்றுக்கொண்டார்கள். வக்கீல்கள் காத்திருந்தார்கள். நான் தேடுவது அந்த அறையில் நடந்ததற்கான பெயர். பள்ளியின் பெயர் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மடல் 5: சோழிங்கநல்லூரிலிருந்து

அக்கா, வணக்கம். இந்தக் குழுவில் இது என் முதல் மடல், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன். 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு புது முறை வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடத்துக்குப் பதில் அட்டைகள். சுவரில் எங்கள் உயரத்துக்கு ஆளுக்கொரு கரும்பலகை. எந்த அட்டையை முடித்தோம் என்பதை ஏணிப் படத்தில் நாங்களே பார்த்து அடுத்ததை எடுப்போம். பின்னால் அது மாநிலம் முழுவதும் போனது. அதன் பெயர் 'செயல்வழிக் கற்றல்'. இங்கிலீஷில் அது ஏ.பி.எல். ஆனால் எங்கள் ஆயாகூட "செயல்வழி கிளாஸு" என்றுதான் சொல்வார். ஒரு கலைச்சொல் ஆயா வாய்க்குள் போய்விட்டால் அப்புறம் என்ன வேண்டும்?

அதனால் அதே அச்சில் வார்க்கலாம். மக்களவை, பேரவை என்று 'அவை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அவைவழிப் பள்ளி.

மன்றம் என்றும் யோசித்தேன். எங்கள் தெருமுனையில் இருக்கும் ஒரே மன்றம் ரசிகர் மன்றம் என்பதால் விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகமும் உண்டு. அந்தக் கூட்டம் விதி செய்கிறது, சரி. விதியை மீறினால் யார் விசாரிப்பது? அதற்கும் சொல் வேண்டுமே.

மடல் 6: பெரம்பூரிலிருந்து

தம்பி, அவை நல்ல சொல். 'வழி'யை மட்டும் எடுத்துவிடுங்கள். செயல்வழிக் கற்றல் என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணம் பின்னால் 'கற்றல்' இருந்தது. 'வழிப் பள்ளி' என்றால் தமிழ்வழி, ஆங்கிலவழி என்றுதான் பெற்றோர் படிப்பார்கள். அவைவழி எந்த ஊர் பாஷை என்று கேட்டுக்கொண்டு சேர்க்கைக்கு வந்து நிற்பார்கள்.

நேராக அவைப்பள்ளி. போதும்.

மடல் 7: வேளச்சேரியிலிருந்து

அவைப்பள்ளி! வாய்விட்டு நாலு முறை சொல்லிப் பார்த்தேன். நிற்கிறது. பழைய தமிழில் அவை என்பது பேசத் தெரிந்தவர் கூடுமிடம், பேசுவதற்கு அஞ்ச வைக்கும் இடம். ஆறு வயதுப் பிள்ளை அங்கே எழுந்து நின்று பேசுகிறது என்பது அந்தச் சொல்லுக்கும் கொஞ்சம் புது ரத்தம்.

கூட்டத்துக்கு 'பள்ளி அவை' என்று வைக்கிறேன். சேர்த்துப் 'பள்ளியவை' என்று எழுதினால் ஏதோ வினையாலணையும் பெயர் போல விழிக்கிறது, பிரித்தே எழுதுவோம். 'பள்ளிக் கூட்டம்' என்று எழுதினால் நம் அம்மாக்கள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடக் கிளம்பிவிடுவார்கள்.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. சட்பரியில் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. பல வயதுப் பிள்ளைகளும் ஒரு பெரியவரும் உட்கார்ந்து, யார் எழுதிக் கொடுத்த புகாரானாலும் விசாரிப்பார்கள். பெரியவர் மேலும் புகார் கொடுக்கலாம். இது அமெரிக்காவில் முளைத்ததல்ல. யானுஷ் கோர்சாக் என்ற மருத்துவர் வார்சாவில் 1912 முதல் நடத்திய அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த மன்றம் ஒன்று செயல்பட்டது. அதன் சட்டத்தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புதான், அல்லது வழக்கைக் கைவிடுவது. நூறாவதிலிருந்துதான் குற்றம் என்ற பேச்சே வருகிறது. கோர்சாக்கின் மேலேயே பிள்ளைகள் வழக்குப் போட்டு, அவரும் அங்கே போய் நின்றிருக்கிறார். 1942-இல் அந்தப் பிள்ளைகளை நாஜிகள் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவர்களோடு போனார். கையேட்டில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், எட்டில் ஒன்று.

இந்தக் குழுவுக்கு 'நீதிக்குழு' என்று எழுதி வைத்திருந்தேன். பெரம்பூர் ஐயாவின் முதல் மடலிலேயே அதைவிட நல்லது கிடந்திருக்கிறது. அந்தப் பிள்ளை தன் லீடரைப் பற்றிச் சொன்னது என்ன? பிராது. பிராதுக் குழு. உருது வழி வந்த சொல் என்று யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும். நீதிக்குழு என்றால் தண்டனை வருகிறது. பிராது என்றால் முதலில் கேட்கும் காது வருகிறது.

இனி ஒரு சிக்கல், சொல்லில் அல்ல, சட்டத்தில். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 18-ஆம் பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாமல் யாரும் பள்ளி நடத்த முடியாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதனால்தான் இங்கே இப்படி முயல்கிற பலர் 'கற்றல் மையம்' என்று பலகை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் 'பள்ளி' என்ற சொல்லைப் பலகையில் எழுத மாட்டார்கள். அவர்களுக்கு 'அவை மையம்' என்று எழுதிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன், கல்யாண மண்டபம் போல இருக்கிறது. அதை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுகிறேன்.

கையேட்டில் போகும் வரி இது. பார்த்துச் சொல்லுங்கள்:

"அவைப்பள்ளி: பள்ளியின் அன்றாட விதிகளைப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஆளுக்கொரு ஓட்டோடு, பள்ளி அவையில் கூடி முடிவு செய்யும் பள்ளி. விதி மீறல்களைப் பிராதுக் குழு விசாரிக்கும்."

'ஓட்டு' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். முதலில் 'சமவாக்கு' என்று போட்டேன். படித்த தோழி "சமச்சீர் கல்வி மாதிரி ஏதோவா?" என்றாள்.

மடல் 8: மயிலாப்பூரிலிருந்து

குடவோலையை விட்டுக்கொடுத்தேன். அந்தச் சிறுவனைப் பற்றி நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

வரி சரி. ஒன்றே ஒன்று. அச்சகத்தில் ஒற்றெழுத்தை விழுங்கிவிடுவார்கள், கூடவே இருந்து பாருங்கள். அவைக்களம், அவைப்புலவர் போல இதற்கும் ஒற்று மிகும். 'ப்' இருந்தால் அவைப்பள்ளி. 'ப்' விழுந்தால் 'அவை பள்ளி', அதாவது அதுகள் எல்லாம் பள்ளியாம். படிக்கிறவன் எதுகள் என்று தேடுவான்.