ஊட்டிக்குப் பதிலா புதுக்கோட்டையா? குடும்பத்தோட போனா சரிவருமா?

கல்லுளிமங்கன்:
ஊட்டிக்கு 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ், 2025 சீசன்ல வாரநாள் 6000 வண்டி சனி ஞாயிறு 8000னு கோர்ட்டே கணக்கு வச்சிருச்சு, அப்பவும் ஜனம் அங்கதான் முட்டுது. நான் டிசம்பர்ல ரெண்டு நாள் புதுக்கோட்டை பக்கம் சுத்திட்டு வந்தேன், மொத்த செலவு ஊட்டி ரூம் வாடகை கூட வராது. சித்தன்னவாசல்ல பாறையைக் குடைஞ்ச சமணக் கோயில், அறிவர் கோயில்னு பேரு, அங்க அண்ணாந்து பாத்தா கூரையில ஓவியமா ஒரு தாமரைக்குளம், மீன், வாத்து, யானை, எருமை, நடுவுல பூப்பறிக்கிற ஆளுங்க, எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. கருவறைக்குள்ள நின்னு வாய மூடி "ம்ம்"னு இழுத்தேன், சுவரே திருப்பி முனகுது, கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

ரெண்டு_பிள்ளை_அப்பா:
படிக்க நல்லாத்தான் இருக்கு ப்ரோ. நான் அதே ஊருக்கு ஏப்ரல்ல போனேன், பாறை தோசைக்கல்லு மாதிரி காயுது, அம்மாவுக்கு முழங்கால் வலி, சின்னவன் பாத்ரூம் பாத்ரூம்னு அழறான், அக்கம்பக்கம் டீக்கடை கூட கண்ணுல படல. பெரியவ கேட்டா, "அப்பா இங்க என்ன ரைடு இருக்கு?" தனியா பைக்ல போறவங்களுக்கு சரி, குடும்பஸ்தனுக்கு ஊட்டியே மேல்.

புதுகைக்காரன்:
ஏப்ரல்ல பாறைக்கு வந்துட்டு ஊரைக் குறை சொல்றீங்களேண்ணே 😄 நவம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள காலைல வாங்க. ஆனா கல்லுளி, இதை ரீல்ஸ் போட்டு கூட்டம் சேத்துராதய்யா. அதே சித்தன்னவாசல் மலைக் குகை ஏழடிப்பட்டத்துல சமண முனிவருங்க படுத்த 17 கல்படுக்கை, ஒண்ணுல 2000 வருஷத்துக்கு முந்தின தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, அந்தப் பக்கமே எவனோ ஹார்ட்டு போட்டு பேரு செதுக்கி வச்சிருக்கான். கூட்டம் கூடினா இன்னும் நாலு ஹார்ட்டு வரும்.

கல்லுளிமங்கன்:
கூட்டம் இல்லாததாலதான் தைரியமா செதுக்குறான். நார்த்தாமலையில இருக்கிற பழைய சிவன் கோயில், விஜயாலய சோழீச்சரத்துல நாங்க நாலு பேருதான், வட்டமா ஒரு கருவறை, அப்படி ஒண்ணை எங்க தேடுவீங்க, தட்டிக்கேக்க ஆளே இல்ல. நாலு பேரு போனாத்தான் காவலும் வரும் கழிப்பறையும் வரும்.

ரெண்டு_பிள்ளை_அப்பா:
அது வர்ற வரைக்கும் என் பையன் அடக்கிக்கிட்டு இருக்கணுமா?

புதுகைக்காரன்:
அண்ணே, அம்மாவை மலையேத்தவே வேணாம். திருமயம் கூட்டிட்டு போங்க. கோட்டை இருக்கிற அதே பாறையோட அடிவாரத்துல பெருமாளும் சிவனும் அக்கம்பக்கம் குடைவரையில, பெருமாள் கோயில் 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. அம்மா கும்பிடுற நேரத்துல பிள்ளைங்களோட நீங்க கோட்டை ஏறிட்டு வந்துரலாம், மேல பீரங்கி இருக்கு, ரைடுக்கு பதில் அதைக் காட்டுங்க.

ரெண்டு_பிள்ளை_அப்பா:
வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம 108ல ஒண்ணுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். இப்பவே எப்பன்னு நச்சரிக்கிறாங்க. ஜனவரில வர்றோம், வழியில சுத்தமான பாத்ரூம் இருக்கிற ஹோட்டல் ஒண்ணு மட்டும் சொல்லுப்பா.