படையலுக்கு ஒரு எஸ்பிரெசோ

குழு: உவர்மலை வீடு
வியாழக்கிழமை

ராஜி: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் 31ஆம் நாள் அந்தியேட்டி. காலை 5.30க்கு வீட்டு வாசலிலிருந்து கன்னியா வெந்நீரூற்றுக்கு வான் புறப்படும். 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று குருக்கள் ஐயா சொல்லியிருக்கிறார். வீட்டுக்கிருத்தியம் முடிந்து பகல் 12 மணியளவில் படையல். அப்பாவுக்கு விருப்பமானவற்றில் ஆளுக்கு ஒன்றைப் பொறுப்பெடுங்கள். முருங்கைக்காய்க் கறியும் பருப்பும் பாயாசமும் நான்.

சுகி: கத்தரிக்காய்ப் பொரியல் நான். தயிரும் மட்டக்களப்பிலிருந்து கொண்டு வருகிறேன்.

சிவம் சித்தப்பா: தம்பலகாமத்துத் தயிர் பக்கத்தில் இருக்கும்போது மட்டக்களப்புத் தயிர் எதற்கு?

சுகி: தொடங்கிவிட்டீர்களா சித்தப்பா?

கமலா மாமி: அண்ணாவுக்கு எள்ளுருண்டை. சனி இரவு ரயிலில் ஏறினால் நேரத்துக்கு வந்து சேருவேனா?

ராஜி: கன்னியாவுக்கு வர முடியாது மாமி. வெள்ளி இரவே ஏறுங்கள்.

சிவம் சித்தப்பா: விருப்பமானவை எல்லாம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது.

ராஜி: அது எட்டாம் நாள் படையலிலேயே வைத்தாயிற்று சித்தப்பா.

நிரு: அப்பாவின் கோப்பி?

ராஜி: கோப்பித் தூள் வீட்டில் இருக்கிறது. காலையிலேயே ஊற்றி வைத்துவிடலாம்.

நிரு: அந்தக் கோப்பி இல்லை அக்கா.

அபி: மெஷின் கோப்பி.

வசந்தன் மெல்பேர்ன்: ராஜி மச்சாள், தூள் கோப்பியைத் தயவுசெய்து படையலில் வைக்க வேண்டாம். மாமா கடைசி வரை விரும்பிக் குடித்தது அந்த இரண்டு கை நெம்புகோல் மெஷினில் அழுத்தி எடுத்த எஸ்பிரெசோவைத்தான். கப்பல் இத்தாலியில் ஜெனோவாவில் நின்றால், கரை இறங்கியதும் கோப்பிக் கடைக்குத்தான் போவேன் என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அங்கே நின்றபடியே குடித்துவிட்டு வருவார்களாம். மிலானில் அகில்லே கஜ்ஜா என்பவர் நீராவி இல்லாமல் கோப்பி எடுக்கும் முறைக்கு 1938 இல் காப்புரிமை பெற்றார். போர் முடிந்த பிறகு அவருடைய நெம்புகோல் மெஷின் வந்தது. அதற்கு முன்னர் நீராவி தள்ளிய அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான். நெம்புகோல் அதை 9 பார் அளவுக்குக் கொண்டுபோனது. கோப்பியின் மேல் அந்தப் பொன்னிற நுரை கட்டத் தொடங்கியது அப்போதுதான். தூளை வெந்நீரில் கரைத்தால் அந்த நுரை எப்படி வரும்? மாமாவுக்கு நுரை இல்லாதது கோப்பியே இல்லை.

சிவம் சித்தப்பா: பொறு, கண்ணாடி எடுத்து வருகிறேன்.

நிரு: வசந்தன் அத்தான் சொல்வது சரி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிவாயுவும் இல்லை. அப்பா விறகடுப்பில் கேத்தலை வைத்து, திண்ணையில் இருந்து அரைத்து, அந்த மெஷினில் எடுத்துக் குடித்தார். ஒரு நாளும் விடவில்லை.

சிவம் சித்தப்பா: எனக்கும் தந்தார். சரியான கசப்பு. ஆனால் அன்று இரவு முழுவதும் பெற்றோல் வரிசையில் விழித்திருந்தேன்.

கமலா மாமி: அண்ணாவின் கையால் ஒரு தடவை குடித்தேன். சீனி கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ராஜி: சரி, மெஷின் கோப்பியே வைப்போம். மெஷின் சாப்பாட்டு அறை அலுமாரியில் இருக்கிறது. கைக் கிரைண்டரைக் காணவில்லை.

நிரு: எட்டுச் செலவுக்குப் பிறகு ரமேஷ் அத்தான் கொண்டு போனார்.

சுகி: கொண்டு போகவில்லை. அம்மா தந்தார்.

ராஜி: அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ரமேஷ் கேட்டதாகச் சொல்கிறார்.

சுகி: அப்படியானால் காணி உறுதியையும் நாங்கள்தான் எடுத்தோம் என்று எழுதுங்கள் அக்கா.

ராஜி: காணியைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?

கமலா மாமி: பிள்ளைகள், முப்பத்தொன்று முடியும் வரையாவது.

ரமேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிரு: என்ன நீக்கினீர்கள் அத்தான்?

ரமேஷ்: ஒன்றுமில்லை. கிரைண்டர் பத்திரமாக இருக்கிறது.

அபி: அதில் என்ன அரைத்தீர்கள் சித்தப்பா?

ரமேஷ்: கோப்பிதான்.

ரமேஷ்: மல்லியும் மிளகும் கொஞ்சம். மல்லிக் கோப்பிக்கு.

அபி: ஐயோ.

வசந்தன் மெல்பேர்ன்: ரமேஷ், மல்லி வாசத்தை எடுத்துவிடலாம், கவலைப்பட வேண்டாம். ஆனால் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கூம்பு எஃகு. துருப்பிடித்தால் கூர்மை போய்விடும். கீழே உள்ள திருகைக் கழற்றி, கூம்பை வெளியே எடுத்து, காய்ந்த பற்தூரிகையால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்க்க வேண்டும். பிறகு பழைய கோப்பிக் கொட்டையை ஒரு கைப்பிடி அரைத்துக் கொட்டிவிடுங்கள். வாசம் நின்றால் இன்னொரு கைப்பிடி. அரிசி போட்டு அரைத்தால் வாசம் போகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பச்சை அரிசி அந்தக் கூம்புக்கும் அச்சுக்கும் பெரிய பாரம். கழற்றுவதற்கு முன், நைசையும் பருமனையும் மாற்றும் கிளிக் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மாமா வைத்த அளவு அது.

ரமேஷ்: எண்ணை மாற்றித்தான் மல்லி அரைத்தோம்.

அபி: அம்மப்பாவின் குறிப்புப் புத்தகத்தில் எண் இருக்கிறது. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று.

வசந்தன் மெல்பேர்ன்: அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடு பிள்ளை. இப்போதே.

அபி: (படம்)

கமலா மாமி: அண்ணாவின் கையெழுத்து.

சுகி: பேனையை அழுத்தி எழுதியிருக்கிறார். அப்பாவே இருந்து எழுதுவதைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

சிவம் சித்தப்பா: ஆனாலும் மல்லிக் கோப்பிதான் நம்முடைய கோப்பி. இந்த இத்தாலிக் கோப்பி எல்லாம் வெளியிலிருந்து வந்தது.

வசந்தன் மெல்பேர்ன்: சின்ன மாமா, கோப்பி இந்த மண்ணுக்கு அந்நியம் இல்லை. தேயிலைக்கு முன்னர் இலங்கையின் பெரிய ஏற்றுமதியே கோப்பிதான். 1869 இல் இலைத்துரு நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்த பிறகுதான் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்களே மலையக மக்களின் முன்னோர், அவர்கள் முதலில் வந்தது கோப்பித் தோட்டங்களுக்குத்தான். வழியில் இறந்தவர்கள் ஏராளம். மாமா ஒவ்வொரு முறை மலைநாட்டுக் கொட்டை வாங்கும்போதும் இதைச் சொல்வார். என்னைப் பொறுத்தவரை அந்தக் கொட்டையைக் கவனமாக வறுத்து, கவனமாக அரைத்து, கவனமாக எடுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சிவம் சித்தப்பா: அதை அண்ணா எனக்கும் சொல்லியிருக்கிறார்.

கமலா மாமி: மல்லிக் கோப்பி என்றதும் நினைவு வந்தது. எனக்கு இரண்டு நாளாகத் தடிமல். வேர்க்கொம்பு எவ்வளவு போட வேண்டும்?

ராஜி: ஒரு துண்டு தட்டிப் போடுங்கள் மாமி.

சுகி: தடிமலோடு ரயிலில் வருவீர்களா? அம்மாவுக்குத் தொற்றிவிடும்.

கமலா மாமி: அப்படியானால் வரவில்லை.

ராஜி: மாமி, அவள் அப்படிச் சொல்லவில்லை.

நிரு: ஞாயிறு நான் தர்ப்பையோடு இருப்பேன், எழும்ப முடியாது. கோப்பியை யார் எடுப்பது?

அபி: நான்.

ராஜி: உனக்கு ஞாயிறு ரியூசன் இருக்கிறது.

அபி: அன்றைக்கா போகச் சொல்கிறீர்கள் அம்மா?

நிரு: அபி எடுக்கட்டும். அப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள்தான்.

கமலா மாமி: ஒன்று கேட்கிறேன். அந்தக் கோப்பியை ருசி பார்த்துப் பார்த்துத்தான் சரிசெய்வார்கள் என்று வசந்தன் எனக்கு முன்பு சொன்னான். படைப்பதற்கு முன்னர் ருசி பார்க்கலாமா?

ராஜி: பார்க்கக் கூடாது.

சுகி: பார்க்கவே கூடாது.

சிவம் சித்தப்பா: உப்புக்கூடப் பார்க்க மாட்டோம்.

வசந்தன் மெல்பேர்ன்: அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. வழி இருக்கிறது. ருசி பார்க்கிற வேலை முழுவதையும் சனிக்கிழமை முடித்துவிடுவோம். ஞாயிறு அன்று தராசும் மணிக்கூடும் கண்ணும் போதும். அபி, கேள். கொட்டை 18 கிராம். அரைக்கும் முன் ஒரு துளி தண்ணீர் தெளித்துக் குலுக்கு, தூள் கிரைண்டரில் ஒட்டாது. மெஷினின் கோப்பிக் கூடையில் கொட்டியதும் ஊசியால் அடி வரை கிளறிக் கட்டிகளை உடை. ஒரு கட்டி இருந்தாலும் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும், பாதித் தூள் நனையாது. சமமாக அமுக்கு, மேலே துளைத் தகட்டை வை, வெந்நீரை நேராகக் கூடைக்குள் ஊற்று. மெஷினின் இரண்டு கைகளையும் முதலில் மேலே உயர்த்திவிட்டுத்தான் கூடையைப் பூட்ட வேண்டும். இனி மெல்ல இறக்கு. முதல் துளி கீழே தெரியும் வரை அழுத்தமானி முள் 2, 3 பாரைத் தாண்டக் கூடாது. தூள் நனைந்து ஊறுகிற நேரம் அது. பிறகு 8, 9 வரை அழுத்து. தூள் தளர்ந்து ஓட்டம் வேகமெடுக்கும், அப்போது நீயும் கையைத் தளர்த்து. கருமையாகத் தொடங்கி, தேன் வடிவது போல இறங்க வேண்டும். நிறம் வெளிறினால் நிறுத்து. 36 கிராம், ஏறத்தாழ 30 செக்கன். 15 செக்கனில் ஓடி முடிந்தால் புளிக்கும், கிளிக்கை நைசுப் பக்கம் திருப்பு. 50 தாண்டினால் கசக்கும், பருமன் பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இந்த மூன்று எண்ணும் சனிக்கிழமை நாக்குக்குச் சரியாகப் பட்டால், ஞாயிறு அதே எண்ணுக்கு அதே ருசி வரும். நாக்கு தேவையில்லை.

வசந்தன் மெல்பேர்ன்: எடுத்து முடிந்ததும் கைகளைச் சற்று உயர்த்தி அழுத்தத்தை விட்டுவிட்டுத்தான் கூடையைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் தூள் பீறிட்டுச் சேலையில் அடிக்கும்.

அபி: தெரியும் சித்தப்பா. அம்மப்பா கைகளை இறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். உதடு மட்டும் செக்கனை எண்ணும். நானும் கூடவே எண்ணுவேன்.

வசந்தன் மெல்பேர்ன்: இதற்கு மேல் நான் உனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

சிவம் சித்தப்பா: வெந்நீர்தானே வேண்டும்? கன்னியாவிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தால் போதாதா? இராவணன் தாய்க்குக் கிரியை செய்த தண்ணீர்.

வசந்தன் மெல்பேர்ன்: அது குளிக்கிற சூடு மாமா. கோப்பிக்கு 90 பாகைக்கு மேல் வேண்டும். திருகோணமலை கடல் மட்டத்தில் இருப்பதால் கேத்தல் 100 வரை போகும்; நுவரெலியாவில் ஏறத்தாழ 94 இலேயே கொதித்துவிடும். மாமாவின் கொட்டை கறுக்க வறுத்தது, அதனால் கேத்தல் கொதித்ததும் ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றட்டும்.

நிரு: கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உவர்ப்பு. போத்தல் தண்ணீர் வாங்கி வைக்கிறேன்.

சிவம் சித்தப்பா: பிஸ்டன் இறுகிப் போயிருக்குமே? கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போட்டுவிடவா?

வசந்தன் மெல்பேர்ன்: வேண்டாம் மாமா, வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் சிக்கு வாடை பிடிக்கும். அந்த வளையத்துக்கென்றே சிலிக்கன் கிரீஸ் சின்னக் குப்பியில் அனுப்பியிருந்தேன்.

அபி: இருக்கிறது. மேசை லாச்சியில்.

ராஜி: கொட்டைக்கு என்ன செய்வது? அம்மா சொல்கிறார், அப்பா வாங்கிவைத்த டின்னில் இன்னும் இருக்கிறதாம். அதைத்தான் எடுக்க வேண்டுமாம்.

நிரு: அது வறுத்து இரண்டு மாதம் இருக்கும். புதிதாக எடுப்போம். மாத்தளையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார்.

ராஜி: அம்மா அழுகிறார் நிரு.

வசந்தன் மெல்பேர்ன்: மாமி சொல்கிறபடியே செய்வோம். பழைய கொட்டையில் வாயு போயிருக்கும். நுரை மெலிதாகத்தான் வரும், தண்ணீரும் வேகமாக ஓடும். புத்தகத்தில் உள்ள எண்ணை விட நைசாக அரைத்தால் ஓட்டத்தைப் பிடித்துவிடலாம். புதிய கொட்டை இருந்தால் ருசி கூடும் என்பது உண்மை. ஆனால் அது மாமா தன் கையால் வாங்கிய கொட்டை. டின்னில் எவ்வளவு இருக்கிறது?

அபி: 112 கிராம்.

வசந்தன் மெல்பேர்ன்: ஆறு தடவைக்குப் போதும். ஞாயிறுக்கு இரண்டு தடவைக்கான அளவை இன்றே பிரித்துக் கட்டி வை. மிச்சம் பழகுவதற்கு.

நிரு: மாத்தளையிலும் சொல்லி வைக்கிறேன். பந்திக்கு வருபவர்கள் கேட்டால்?

ராஜி: பந்திக்கு எழுபது பேர். அந்த மெஷினில் எழுபது கோப்பியா? அவர்களுக்குப் பிளேன்டீ.

சுகி: எந்தக் கிண்ணத்தில் படைப்பது? அப்பாவின் அந்த வெள்ளைக் கிண்ணம் விளிம்பு உடைந்தது.

கமலா மாமி: உடைந்த பாத்திரத்தில் படைக்கக் கூடாது.

நிரு: அவர் அதில்தானே குடித்தார் மாமி.

கமலா மாமி: குருக்களைக் கேளுங்கள்.

ராஜி: கேட்கிறேன். படையலுக்கு எத்தனை மணிக்குத் தூபம் காட்டுவார் என்றும் கேட்க வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்தால் நுரை அடங்கிவிடும் அல்லவா?

வசந்தன் மெல்பேர்ன்: ஆமாம் மச்சாள், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கத் தொடங்கும். கற்பூரத் தட்டு கைக்கு வரும்போது அபி கைகளை இறக்கத் தொடங்க வேண்டும். யாராவது வாசலில் நின்று சைகை காட்டுங்கள்.

சிவம் சித்தப்பா: நான் நிற்கிறேன்.

சுகி: நீங்கள் வாசலில் கதைக்கத் தொடங்கினால் படையலே முடிந்துவிடும் சித்தப்பா.

வசந்தன் மெல்பேர்ன்: கிரைண்டர் நாளைக்கே வந்து சேர வேண்டும். சுகி சனிக்கிழமை கொண்டுவந்தால் அபிக்குப் பழக நேரம் போதாது.

ரமேஷ்: நாளைக் காலை திருகோணமலை பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிடவா? வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக வரும். பகலுக்குள் வந்துவிடும்.

ராஜி: நடத்துநரிடமா? அப்பாவின் கிரைண்டரையா?

சுகி: அப்படியானால் யாராவது வந்து எடுத்துப் போங்கள்.

நிரு: எனக்கு நாளை நான்கு மணி வரை வேலை.

சிவம் சித்தப்பா: பஸ் நிலையத்துக்கு நான் போகிறேன்.

ராஜி: கதிரைக்காரரைப் பார்ப்பது யார் சித்தப்பா? இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை.

சிவம் சித்தப்பா: இரண்டையும் பார்ப்பேன்.

ரமேஷ்: துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பஸ்ஸா, இல்லையா?

கமலா மாமி: எனக்கு வெள்ளி இரவு ரயிலில் டிக்கெட் எடுத்துத் தருவது யார்?

நிரு: அத்தான், பஸ் எத்தனை மணிக்கு?