இலையெல்லாம் முள், மஞ்சள் பூ: எண்ணூர் ரோட்டோரத்துல இது என்ன செடி?

ரோட்டோரம்:
திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமா இடிபாடு கொட்டின மேட்டுல முழங்கால் உயரத்துக்கு நிக்குது. சாம்பல் பூத்த பச்சை இலை, நரம்பு மட்டும் வெள்ளை, ஓரமெல்லாம் முள். பூ எலுமிச்சை மஞ்சள், தொட்டாலே இதழ் கொட்டுது. நெருஞ்சின்னு ஒருத்தர், கண்டங்கத்திரின்னு இன்னொருத்தர். எதுங்க இது? ஆடு மேயுற இடம், பிடுங்கணுமா?

செடிகொடி:
காம்பைக் கிள்ளிப் பாருங்க. மஞ்சளா பால் கசிஞ்சா பிரம்மதண்டு, குடியோட்டிப் பூண்டுன்னும் சொல்வாங்க. தாவரப் பெயர் ஆர்ஜிமோன் மெக்சிகானா. மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்தது, கசகசாச் செடிக்குச் சொந்தம்.

நெருஞ்சி தரையோட படரும், பூ 1 செ.மீ. இருந்தா அதிகம், முள் காய்லதான். கண்டங்கத்திரிக்கு இலையிலயும் முள் உண்டு, அதான் ஆளாளுக்குக் குழம்புறாங்க. ஆனா அதுக்குப் பூ ஊதா, பழம்தான் மஞ்சள். யானை நெருஞ்சியும் மஞ்சளாத்தான் பூக்கும். அதோட இலையில முள்ளே கிடையாது, தண்ணியில போட்டுக் கலக்கினா தண்ணி கொழகொழன்னு ஆயிடும்.

கடுகுடப்பா:
செடியை விட விதைதான் ஆபத்து. காய்க்குள்ள கடுகு மாதிரியே கருப்பு உருண்டை. லென்ஸ்ல பாத்தா மேல வலை பின்னின மாதிரி குழி தெரியும், கடுகு பார்வைக்கு வழவழன்னு இருக்கும். 1998ல டெல்லியில இந்த விதையோட எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால 60 பேருக்கு மேல செத்தாங்க. இதுல இருக்குற சாங்குவினரின்ங்கிற விஷம் நுண்ணிய ரத்தக்குழாயைக் கசிய வைக்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும், கடைசியில இதயம் பழுதாகும். தாளிச்சா விஷம் முறிஞ்சிடும்னு நம்பாதீங்க.

அந்தப் பாலைக் கண்ணுக்கு விடலாம்னு யாராவது வைத்தியம் சொன்னா கேக்கவே கேக்காதீங்க. தெரியாம பட்டுட்டா 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு உடனே கண் டாக்டர்.

களைக்கொத்தி:
பச்சையா நிக்கிறப்போ ஆடு பெரும்பாலும் வாய் வைக்காது. வெட்டிக் காயவெச்ச தீவனத்துல கலந்தாத்தான் வம்பு.

மண்ணை நனைச்சுட்டு, 2, 3 அங்குலம் கீழ ஆணிவேரோட வெட்டி எடுங்க. மேலாக அறுத்தா அடியில இருந்து திரும்பத் துளிர்க்கும். மெல்லிசு ரப்பர் கையுறையை முள் குத்திக் கிழிச்சிடும், தோல் கையுறைதான் சரி. சட்டையில பால் பட்டா கறை லேசுல போகாது.

ரோட்டோரம்:
கிள்ளிப் பாத்தேன், மஞ்சள் பால்தான். ஆனா நாலஞ்சு காய் பழுப்பாகி நுனி பிளந்திருக்கே?

களைக்கொத்தி:
அப்போ செடியை ஆட்டாதீங்க, சாய்ச்சா விதை மொத்தமும் கொட்டிடும். காய் மேல பிளாஸ்டிக் பையைக் கவுத்து, வாயைக் கையால இறுக்கிட்டு, அடியில நறுக்குங்க. வேர் அப்புறம். ஏற்கெனவே கொட்டினது மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், அதனால ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் அதே மேட்டை ஒரு தடவை பாருங்க. நாலு இலை விட்ட கன்னுலயே வெள்ளை நரம்பு தெரியும், அப்போ சுலபமா வந்துடும்.